ஒரு கண்ணாடி அலமாரி: ஏழு வெட்டு, ஒரு மறுப்பு

பழைய மர அலமாரி ஒன்றுக்கு முழுக்கக் கண்ணாடி மாற்ற வேண்டும். 5 மி.மீ. கண்ணாடியில் 900 × 250 மி.மீ. அளவில் இரண்டு தட்டுகள். ஏற்கெனவே இருக்கும் 6 மி.மீ. தட்டு ஒன்று 15 மி.மீ. அகலம் கூடுதல், அதைக் குறைக்க வேண்டும். இன்னொரு 6 மி.மீ. தட்டின் மூலையில், மரத்தூண் உட்கார 60 × 40 மி.மீ. அளவுக்கு ‘ட’ வடிவத்தில் ஒரு கட்டம் எடுக்க வேண்டும். சுழலும் தட்டுக்கு 4 மி.மீ. கண்ணாடியில் 300 மி.மீ. விட்டமுள்ள வட்டம். பின்புறம் 4 மி.மீ. முகம் பார்க்கும் கண்ணாடி, அதில் விளக்கின் ஒயர் போக 35 மி.மீ. துளை. இடது கதவுக்கு 6.38 மி.மீ. லேமினேட்டட் கண்ணாடி. விளக்கு மூடிக்கு, அடிப்பாகம் நீக்கிய ஒரு பாட்டில். கடைசியாக, வேறொரு கதவிலிருந்து கழற்றிய டஃபன்டு (சூளையில் சூடேற்றி உறுதியாக்கிய) கண்ணாடி ஒன்றை 20 மி.மீ. குறைத்து வலது கதவில் பொருத்த முடியுமா என்ற கேள்வி.

தனித்தனியே வரும் வேலைகளை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரே அலமாரியில் சேர்த்து அமைத்த மாதிரி நிகழ்வு இது. எட்டுக்கும் ஒரே கருவி போதாது. ஆனால் எட்டிலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: விரிசல் எங்கே தொடங்குகிறது, அதை எது இழுத்துக்கொண்டு போகிறது? எந்தக் கட்டர் நல்லது என்ற விவாதம் அதற்குப் பிறகுதான்.

கோட்டுக்கு அடியில் நடப்பது

கட்டர் கண்ணாடியை வெட்டுவதில்லை. சக்கரம் உருளும் இடத்தில் மேற்பரப்பு நூலளவு நசுங்குகிறது. அந்த நசுங்கலுக்கு அடியில் செங்குத்தாக ஒரு நுண்விரிசல் இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியும் கோட்டை விட இந்த ஊமைக்காயம்தான் முக்கியம். பிறகு கண்ணாடியை வளைக்கும்போது கோடு உள்ள முகம் இழுபடுகிறது, விரிசல் வாய் திறந்து மறுமுகம் வரை ஓடுகிறது. கண்ணாடி அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. விரிசலின் கூர்நுனியில் இழுவை பல மடங்காகக் குவியும். கண்ணாடியின் பலவீனம் அதன் பொருளில் இல்லை, மேற்பரப்பில் இருக்கும் நுண்கீறல்களில் இருக்கிறது என்பதை 1921-இல் ஆங்கிலேயப் பொறியாளர் கிரிஃபித் விளக்கினார். கட்டர் செய்வதெல்லாம், ஏற்கெனவே அங்குமிங்கும் கிடக்கும் கீறல்களை மிஞ்சும்படி, நமக்கு வேண்டிய பாதையில் ஒரு பெரிய கீறலை வைப்பதுதான்.

அழுத்தம் கூடினால் செங்குத்து விரிசலோடு பக்கவாட்டு விரிசல்களும் கிளம்பும். அவை மேற்பரப்புக்குக் கிட்டத்தட்ட இணையாக ஓடி, மெல்லிய செதில்களாகக் கண்ணாடியைப் பெயர்க்கும். கோடு வெள்ளைவெளேரென்று தெரிவதும், சில விநாடிகள் கழித்துச் செதில்கள் துள்ளுவதும் இதனால்தான். பளிச்சென்ற வெள்ளைக் கோட்டை நல்ல கோடு என்று நினைப்பதுதான் இந்த வேலையில் மிகப் பரவலான தவறு. நல்ல கோடு தலைமுடி போல மெல்லியது. வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். அது விழும்போது துணி கிழிவது போன்ற மெல்லிய, அறுபடாத ஓசை வரும். நறநறவென்று வந்தால் அழுத்தம் அதிகம்.

நேர்வெட்டு: இரண்டு தட்டுகள்

கைக்குக் கிடைக்கும் கருவிகள் பொதுவாக நான்கு. ஆறு எஃகுச் சக்கரங்களைத் தலையில் சுமக்கும் பழைய மாதிரி. கைப்பிடிக்குள் எண்ணெய் நிரப்பும், டங்ஸ்டன் கார்பைடு சக்கரம் கொண்ட பேனா வடிவக் கட்டர். நீண்ட நேர்வெட்டுகளுக்கான ‘டி’ வடிவ ஸ்பீடு கட்டர். நிலையான வைர முனை.

வைர முனையை முதலில் பேசி முடித்துவிடலாம். அது உருளாது, கீறும். ஒவ்வொரு முனைக்கும் ஒரே ஒரு சாய்வில்தான் சரியாகக் கீறல் விழும். அந்தச் சாய்வு பழகிய கைக்குத் தெரியும், புதிய கைக்குக் கொடுத்தால் கண்ணாடி மேல் வெறும் பிறாண்டல்தான் மிஞ்சும். இந்த இரண்டு தட்டுகளுக்கு அது தேவையில்லை.

எஃகுச் சக்கரம் வேலை செய்யும், ஆனால் சீக்கிரம் மழுங்கும். மழுங்கியதும் கை தானாக அழுத்தத்தைக் கூட்டும், கூட்டியதும் வெள்ளைக் கோடு விழும். கார்பைடு பல மடங்கு நீடிக்கும், குறைந்த அழுத்தத்தில் சீரான கோடு தரும். மாதத்துக்கு ஒரு கண்ணாடி வெட்டுபவருக்கும் கார்பைடே சிக்கனம். எஃகில் மிச்சப்படும் காசு ஒரே ஒரு தட்டு கோணலாக உடைந்தால் போய்விடும்.

கட்டர் வாங்கும்போது பலரும் கேட்காத விவரம் சக்கரத்தின் கூர்க்கோணம். மெல்லிய கண்ணாடிக்குக் கூர்மையான கோணம், தடித்ததற்கு மழுங்கிய கோணம் வேண்டும். 2, 3 மி.மீ. கண்ணாடிக்கு 120° முதல் 135° வரை, 4 முதல் 6 மி.மீ.-க்கு 135° முதல் 145° வரை, 10 மி.மீ.-க்கு 150°-ஐ ஒட்டி என்று பொதுவாக வைத்துக்கொள்ளலாம். மழுங்கிய கோணம் அதிக அழுத்தத்தைத் தாங்கி ஆழமான செங்குத்து விரிசலை இறக்கும். 10 மி.மீ. கண்ணாடி உடைய மறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கையின் பலம் அல்ல, 3 மி.மீ. கண்ணாடிக்கான சக்கரம்.

வெட்டும் முறை இது. கண்ணாடி அறையின் வெப்பநிலைக்கு வந்திருக்க வேண்டும். கோடு போகும் பாதையைத் துடைக்க வேண்டும், ஒரு மணல்துகள் போதும் சக்கரம் தாண்டிக் குதிக்க. மேசை தட்டையாக, மேலே மெல்லிய கம்பளமோ ஃபெல்ட்டோ விரித்திருக்க வேண்டும். வழுக்காதபடி அடியில் ரப்பர் ஒட்டிய ஸ்கேலை வைத்து, சக்கரத்தின் நடுவுக்கும் ஸ்கேலின் ஓரத்துக்கும் உள்ள இடைவெளியைக் கழிக்க வேண்டும். பேனாக் கட்டர்களில் அது 2 முதல் 3 மி.மீ. இருக்கும். ஒரு துண்டுக் கண்ணாடியில் ஒருமுறை வெட்டி அளந்து, ஸ்கேலின் மேலேயே எழுதி வைத்துக்கொண்டால் பிறகு யோசிக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் விளிம்பிலிருந்து 1, 2 மி.மீ. உள்ளே சக்கரத்தை வைத்து, ஒரே வேகத்தில், ஒரே அழுத்தத்தில் மறுவிளிம்புக்குக் கொண்டுபோய், விளிம்பைத் தட்டாமல் தூக்கிவிட வேண்டும். விளிம்பில் ‘டக்’கென்று விழும் ஒவ்வொரு முறையும் சக்கரத்தில் சில்லு போகும், கண்ணாடி ஓரத்திலும் போகும். 3, 4 மி.மீ. கண்ணாடிக்கு 2 முதல் 4 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் போதும். சமையலறைத் தராசின் மேல் ஒரு கண்ணாடித் துண்டை வைத்துக் கோடு போட்டுப் பார்த்தால் கை எவ்வளவு மிகையாக அழுத்துகிறது என்பது புரிந்துவிடும். 5 மி.மீ.-க்குக் கொஞ்சம் கூட்டலாம். முன்னும் பின்னும் கட்டர் சாய்ந்தால் பரவாயில்லை. பக்கவாட்டில் சாய்ந்தால் விரிசலும் சாய்ந்தே இறங்கும், தட்டின் ஓரம் சரிவாக வரும்.

எண்ணெய் எதற்கு என்பதில் குழப்பம் உண்டு. மண்ணெண்ணெய் போன்ற மெல்லிய எண்ணெய் சக்கரத்தின் அச்சைச் சுழல வைக்கிறது, நசுங்கிய தூளைப் பிடித்துக்கொள்கிறது, செதில் துள்ளுவதைக் குறைக்கிறது. கெட்டியான எஞ்சின் எண்ணெய் இதற்கு ஆகாது, கோட்டுக்குள் இறங்காமல் மேலேயே வழியும்.

கோடு போட்டதும் உடைக்க வேண்டும். நேரம் போகப்போகக் காற்றின் ஈரம் விரிசலின் நுனியைத் தொடும், அதைச் சுற்றித் தேங்கியிருந்த தகைவு (உள்விசை) தளரும், கோடு ஆறிப்போகும். ஆறிய கோடு உடையாமல் இருக்காது. ஆனால் கூடுதல் விசை கேட்கும், அந்தக் கூடுதல் விசையில்தான் விரிசல் பாதை மாறும். கோட்டின் ஒரு முனைக்கு அடியில் ஒரு தீக்குச்சியை வைத்து இருபுறமும் சீராக அழுத்தினால் 5 மி.மீ. தட்டு ‘டப்’ என்று பிரியும்.

கோடு சரியில்லை என்று அதே தடத்தில் இரண்டாம் முறை ஓட்டவே கூடாது. ஏற்கெனவே பிளந்த பள்ளத்தில் சக்கரம் இறங்கி, விரிசலை ஆழப்படுத்தாமல் வாயை மட்டும் நொறுக்கும். சக்கரமும் கெடும். கண்ணாடியைத் திருப்பிப் போட்டு மறுமுகத்தில் புதிய கோடு போடுவது இதைவிட மேல்.

கோடு விட்டு விட்டு விழுந்தால் இடைவெளிகளை அளந்து பாருங்கள். 5 முதல் 6 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றுக்கு 16 முதல் 19 மி.மீ. ஓடும். அதே இடைவெளியில் விடுபட்ட இடம் திரும்பத் திரும்ப வந்தால் சக்கரத்தில் ஒரு சில்லு போயிருக்கிறது, மாற்ற வேண்டியதுதான். இடைவெளி ஒழுங்கில்லாமல் இருந்தால் அழுக்கோ கையின் தயக்கமோ காரணம்.

15 மி.மீ. பட்டை

இதே கட்டர், இதே கோடு. ஆனால் இங்கே வென்றெடுக்க வேண்டியது உடைப்பை. இருபுறமும் சம அகலம் இருக்கும்போது விரிசல் நேராக இறங்கும். ஒருபுறம் 250 மி.மீ., மறுபுறம் 15 மி.மீ. என்றால் குறுகிய பக்கம் எளிதாக வளைந்து கொடுக்கும், விரிசல் அந்தப் பக்கமே சாயும். தட்டுக்குச் சேதமில்லை, ஆனால் பட்டையின் ஒரு பகுதி தட்டிலேயே ஒட்டி நின்றுவிடும். அந்த மிச்சத்தைக் கையால் பிய்க்க முடியாது.

6 மி.மீ. தடிமனுக்கு 15 மி.மீ. என்பது இரண்டரை மடங்கு. தடிமனைப் போல இரண்டு மூன்று மடங்குக்கும் குறைவான பட்டைகளில் கை உடைப்பை நம்பக் கூடாது. வளைந்த தாடையுள்ள உடைப்புக் குறட்டின் நடுக்கோட்டை வெட்டுக்கோட்டின் மேல் சரியாக வைத்து, திருகைக் கண்ணாடித் தடிமனுக்கு ஏற்ப நிறுத்தி, ஒரு முனையில் மெதுவாக அமுக்க வேண்டும். விரிசல் சில சென்டிமீட்டர் ஓடி நிற்கும். வெளிச்சத்தில் வெள்ளி இழை போல அது எதுவரை வந்திருக்கிறது என்பது தெரியும். அங்கேயே வற்புறுத்தாமல் மறுமுனைக்குப் போய் அங்கிருந்து ஒரு விரிசலை வரவழைத்து இரண்டையும் சந்திக்க விடுவதுதான் பாதுகாப்பு. நடுவில் எஞ்சியதைத் தட்டைவாய்க் குறட்டால் கோட்டுக்கு இணையாகப் பிடித்து, வெளியே இழுத்தபடி கீழே மடக்கலாம்.

அடியிலிருந்து கட்டரின் குமிழால் தட்டி விரிசலை இறக்கும் பழக்கம் பரவலாக உண்டு. வளைவுகளில் அது உதவும். நேர்பட்டையில் ஒவ்வொரு தட்டும் விரிசலைச் சிறு சிறு படிகளாக்கி ஓரத்தைக் கரடாக்குகிறது. குறடு இருக்கும்போது தட்ட வேண்டியதில்லை.

வட்டம்

உறிஞ்சுகுமிழில் சுழலும் கம்பியும் சக்கரமும் கொண்ட வட்டக் கட்டர் இதற்குப் போதும். சுற்றி எடுத்துவிட வேண்டிய கண்ணாடி 30 மி.மீ.-க்குக் குறையாமல் இருக்கட்டும், அதாவது 360 மி.மீ. சதுரம். கோடு ஒரே சுற்றில் தொடங்கிய புள்ளியில் வந்து முடிய வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் அங்கே செதில் நிச்சயம். பிறகு கண்ணாடியைக் கவிழ்த்து, மெத்தென்ற விரிப்பின் மேல் வைத்து, கோட்டை ஒட்டிப் பெருவிரலால் சுற்றிலும் அழுத்தி வர வேண்டும். விரிசல் விரலுக்கு முன்னால் ஊர்ந்து போவது தெரியும். முழுச் சுற்றும் ஓடிய பிறகே நிமிர்த்தி, வட்டத்திலிருந்து சில மி.மீ. தள்ளித் தொடங்கித் தொடுகோடுகளைப் போல வெளிவிளிம்பு வரை ஆறு விடுவிப்புக் கோடுகள் போட்டு, ஒவ்வொரு துண்டாக எடுக்க வேண்டும். விடுவிப்புக் கோடு வட்டத்தைத் தொட்டால் விரிசல் உள்ளே புகுந்துவிடும். அவசரக்காரர்கள் இங்கேதான் தோற்கிறார்கள்: வட்டம் முழுவதும் பிரியுமுன் துண்டுகளைப் பிடுங்குவார்கள்.

தண்ணீருக்குள் கத்தரிக்கோலால் கண்ணாடி வெட்டலாம் என்ற வித்தையும் காணொலிகளில் உலவுகிறது. மெல்லிய கண்ணாடியில் அது ஓரத்தைக் கொறிக்கும், அவ்வளவுதான். நீர் அதிர்வை அடக்குகிறது, விரிசல் வளரவும் உதவுகிறது. அலமாரியில் வைக்கும் விளிம்பு அதில் வராது.

‘ட’ வடிவக் கட்டம்

கோடு போட்டு உடைக்கும் முறை இங்கே தோற்கிறது. விரிசலுக்கு நிற்கத் தெரியாது, உள்மூலையில் திரும்பவும் தெரியாது. இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடத்தைத் தாண்டித் தட்டுக்குள் ஓடும். எப்படியோ எடுத்துவிட்டாலும் கூர்மையான உள்மூலை ஒரு நிரந்தர ஆபத்து. துளையின் முனை கூரக் கூர அங்கே தகைவு ஏறும் என்று 1913-இலேயே ஆங்கிலேயப் பொறியாளர் இங்லிஸ் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு நாள் தட்டின் மேல் கனமான பொருளை வைக்கும்போது அந்த மூலையிலிருந்து குறுக்காக விரிசல் போகும்.

ஆகவே முதலில் மூலைக்கு 12 மி.மீ. வைரத் துளைப்பானால் ஒரு துளை. மூலையின் ஆரம் கண்ணாடித் தடிமனுக்குக் குறையக் கூடாது என்பது நல்ல விதி, 6 மி.மீ. கண்ணாடிக்கு 12 மி.மீ. துளை அதைச் சரியாகத் தரும். அதன்பின் இரு பக்கங்களையும், நீர் சொட்டும் வைர வளைய ரம்பத்திலோ நீர் ஓடும் டைல் ரம்பத்திலோ துளையை நோக்கி அறுக்கலாம். ரம்பம் கோட்டைப் போல அல்ல, ஒன்றரை மி.மீ. அளவுக்குக் கண்ணாடியைத் தின்றுவிடும், அளவில் அதைக் கணக்கிட வேண்டும். மெதுவாகத் தள்ள வேண்டும். நீர் நின்றால் நிறுத்த வேண்டும். ஓரம் கரடாக வரும், சாணை தேவை.

ஆங்கிள் கிரைண்டரில் வைர வில்லை மாட்டி நீரில்லாமல் அறுப்பவர்கள் உண்டு. ஒரு இடம் மட்டும் சூடேறிச் சுற்றிலும் குளிர்ந்திருந்தால் கண்ணாடி தானாகவே வழி தேடிக்கொள்ளும்.

இதுபோன்ற கட்டங்கள் பத்துப் பதினைந்து வேண்டுமென்றால் வாட்டர்ஜெட்டுக்கு அனுப்புவதே புத்தி. கார்னெட் மணலைச் சேர்த்து, 4000 பார் அளவுள்ள அழுத்தத்தில் பீய்ச்சும் நீர் எந்த வளைவையும் வெட்டும். துளையிட்டு நுழையும் கணத்தில் மட்டும் அழுத்தத்தைக் குறைத்துத் தொடங்க வேண்டும், இல்லையென்றால் நுழைவிடத்திலேயே கண்ணாடி நட்சத்திரமாக வெடிக்கும்.

முகக்கண்ணாடியும் துளையும்

வெட்டுக்கோடு எப்போதும் கண்ணாடி முகத்தில், பூச்சுள்ள முதுகில் அல்ல. எண்ணெயைக் குறைவாகப் பயன்படுத்தி உடனே துடைக்க வேண்டும். பூச்சின் ஓரத்தில் ஊறினால் நாளடைவில் கறுப்பேறும்.

35 மி.மீ. துளைக்கு வைரத்தூள் பதித்த குழாய் வடிவத் துளைப்பான். நிமிடத்துக்கு 500 முதல் 700 சுற்று. விட்டம் கூடினால் வேகம் குறையும், 6 மி.மீ. துளைக்கு 2000 வரை போகலாம். சுத்தியல் இயக்கம் அணைந்திருப்பதை இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். துளையைச் சுற்றிக் களிமண்ணாலோ புட்டியாலோ கரைகட்டி நீர் நிரப்ப வேண்டும். பால் போன்ற குழம்பு வந்தால் சரியாக நடக்கிறது. உலர்ந்த மாவு வந்தால் நீர் போதவில்லை, வைரம் சூட்டில் வீணாகிறது. பூச்சுப் பக்கத்தில் தொடங்கி மூன்றில் ஒரு பங்கு இறங்கியதும் திருப்பி, கண்ணாடி முகத்திலிருந்து முடித்தால் இரு முகத்திலும் ஓரம் பெயராது. இரண்டும் சந்திக்கும் கடைசி மி.மீ.-ல் துளைப்பானின் எடையே போதும், கை அழுத்தம் வேண்டாம். முடிந்ததும் துளையின் சுவரை உலர்த்தி, பூச்சின் ஓரத்துக்கு ஈரம் புகாமல் அடைக்கும் வார்னிஷ் தடவ வேண்டும்.

லேமினேட்டட் கதவு

6.38 என்பது 3 மி.மீ. கண்ணாடி இரண்டும், நடுவில் 0.38 மி.மீ. பிவிபி என்ற பிளாஸ்டிக் படலமும். ஒருபுறம் கோடு போட்டு மட்டும் இதைப் பிரிக்க முடியாது. மேல்முகத்தில் கோடு, கவிழ்த்து அழுத்தி உடைப்பு. பிறகு மறுமுகத்தில் அதே கோட்டின் நேர் மேலே இரண்டாம் கோடு, மீண்டும் கவிழ்த்து உடைப்பு. இரண்டுக்கும் அரை மி.மீ. வித்தியாசம் வந்தாலும் ஓரம் படியாக நிற்கும். ஆகவே இரண்டாம் அளவை முதல் கோட்டைப் பார்த்து எடுக்காமல், அதே மூலவிளிம்பிலிருந்து எடுக்க வேண்டும்.

இரு கண்ணாடியும் உடைந்த பின்னும் படலம் விடாது. சிலர் கோட்டில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்துகிறார்கள். வேலை நடக்கும், ஆனால் பக்கத்தில் இருக்கும் ஸ்பிரிட் பாட்டிலும் பற்றும், சூடேறிய ஓரத்தில் படலம் குமிழ் விடும். கண்ணாடியைக் கோட்டின் இருபுறமும் மெல்ல மேலும் கீழும் மடக்கி, வெளியே இழுத்து, கிடைக்கும் இடைவெளியில் மெல்லிய பிளேடை ஓட்டுவதுதான் அமைதியான வழி. அவசியமென்றால் சூடான காற்றைத் தூரத்திலிருந்து, நீளம் முழுவதும் அசைத்தபடி காட்டலாம். இழுக்கும்போது மேசையில் உரசி ஓரம் நொறுங்காதபடி, பிரிந்த இடத்தில் அட்டைக் கீற்றுகளைச் செருகிக்கொண்டே போக வேண்டும்.

பாட்டில்

சுழலும் தாங்கியில் வைத்து ஒரே ஒரு சுற்றுக் கோடு. பிறகு கோட்டின் மேல் கொதிநீரும் குளிர்நீரும் மாறி மாறி. சாதாரணக் கண்ணாடி ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ பத்து லட்சத்தில் 9 பங்கு விரியும், இந்த வெடிப்புக்கு அதுவே காரணம். போரோசிலிகேட்டில் அது 3.3 மட்டுமே, ஆகவே ஆய்வகக் குடுவையில் இந்த வித்தை பெரும்பாலும் பலிக்காது. நூலில் தீப்பற்றும் திரவம் தடவிக் கொளுத்தும் முறையில் சூட்டுப்பட்டை அகலமாகிறது, விரிசல் அந்த அகலத்துக்குள் தன் இஷ்டப்படி அலையும். மின்சாரத்தால் சூடேறும் நிக்ரோம் கம்பி அதைவிடக் குறுகலாகச் சூடேற்றும். பாட்டிலின் சுவர் ஒரே தடிமனில் இருப்பதில்லை என்பதால் ஒன்றிரண்டைக் கூடுதலாக வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

ஓரங்கள்

வெட்டி முடித்த விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத சில்லுகள் நிறைய இருக்கும், ஒவ்வொன்றும் அடுத்த விரிசலின் விதை. சிலிகான் கார்பைடு அல்லது வைரப் பட்டையால், நீர் தெளித்தபடி, கரகரப்பு எண் (கிரிட்) 120-இல் தொடங்கி 220, 400 வரை தேய்க்க வேண்டும். முதலில் இரு முனைகளிலும் 45° சாய்வில் அரை முதல் 1 மி.மீ. மழுக்கிவிட்டு, பிறகே தட்டை முகம். உலர்ந்து தேய்க்கக் கூடாது, தூளும் பறக்கும், ஓரமும் சுடும். பாதுகாப்பு மூக்குக்கண்ணாடி, வெட்டுத்தாங்கும் கையுறை, மூடிய காலணி மூன்றும் முதல் கோட்டிலிருந்தே வேண்டும். மேசையைக் கையால் வழிக்காமல் பிரஷால் துடைக்க வேண்டும்.

மறுப்பு

டஃபன்டு கண்ணாடியின் மூலையில் வழக்கமாக முத்திரை இருக்கும். முத்திரை தெரியாவிட்டால் போலராய்டு மூக்குக்கண்ணாடி வழியே வானத்தின் பிரதிபலிப்பைப் பார்த்தால் வரி வரியாகவோ புள்ளி புள்ளியாகவோ திட்டுகள் தெரியும். அதன் மேற்பரப்பு 69 மெகாபாஸ்கலுக்கும் கூடுதலான அமுக்கத்தில் இருக்கும், நடுப்பகுதி அதை ஈடுசெய்யும் இழுவையில் இருக்கும். கோடு போட்டால் உடனே வெடிக்காமலும் போகலாம், அதுதான் ஏமாற்றுவது. அமுக்கப்பட்ட அடுக்கு ஒவ்வொரு பக்கமும் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு வரை மட்டும்தான். விரிசல் அதைத் தாண்டிய கணத்தில் முழுக் கண்ணாடியும் சர்க்கரைக் கட்டிகளாக உதிரும். ரம்பமோ வாட்டர்ஜெட்டோ துளைப்பானோ இதை மாற்றாது. விளிம்பை லேசாகச் சாணை பிடிப்பதே துணிச்சல்தான்.

எனவே வலது கதவுக்குப் புதிய டஃபன்டு கண்ணாடி. மரச்சட்டத்தின் உள்ளளவை மூன்று இடங்களில் அகலமும் மூன்று இடங்களில் உயரமும் எடுத்து, ஒவ்வொன்றிலும் சிறியதிலிருந்து 3 மி.மீ. கழித்து, கைப்பிடித் துளை, கீல் வெட்டு எல்லாவற்றையும் வரைபடத்தில் போட்டு, வெட்டியும் துளைத்தும் சாணை பிடித்தும் முடித்த பிறகே சூளைக்குப் போகும்படி கேட்க வேண்டும். சூளையிலிருந்து வந்த பிறகு அரை மி.மீ. பெரிதாக இருந்தால் மரத்தைத்தான் சீவ வேண்டும்.